பேர்ணடெற் திருத்திய திங்கட்கிழமைக் கூட்டம்

கொட்டாஞ்சேனையில் பேர்ணடெற் என்ற பெயரில் பெண்களைத் தேடினால் ஒரு கோயில் நிறைய வருவார்கள். ஆனால் மாதாகோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், மாடிக் குடியிருப்பின் மேல்வீட்டுப் பேர்ணடெற் என்று விசாரித்தால், "ஓ, அந்த மறவாத மனுசியோ?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டுச் சிரித்தவளின் முழுப் பெயரும் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம். மன்னிப்பது ஆண்டவருடைய வேலை, அவருக்கு அதற்கு நேரமிருக்கிறது, தனக்கில்லை என்பது அவளுடைய கட்சி. பங்குச் சுவாமியாரிடமே இதைச் சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். திருவிழா நேரம் ஆட்களைப் பிடித்து வேலை வாங்க அவளை விட்டால் அவருக்கு வேறு ஆளில்லை.

தகப்பன் மன்னாரிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். புருசன் கட்டாரில். பிள்ளை இல்லை. அந்த இடத்தில்தான் றொஷெல் இருந்தாள். அதே ஒழுங்கையில், யன்னலுக்கு நேரே கீழ்வீட்டில் இருந்த உயிர்ச் சிநேகிதி மெற்றில்டாவின் மகள், பேர்ணடெற்றுக்கு ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத்துக்கு ஏந்திப் பிடித்த கையாலேயே அவளுக்குச் சோறு தீத்தி, தலை பின்னி, கணக்குப் பாடத்துக்குக் குட்டும் வைத்து வளர்த்தாள். பெற்றவள் மெற்றில்டா என்றாலும் பிள்ளை பாதி நாள் இருந்தது மேல்வீட்டில்தான்.

வேலை வெள்ளவத்தையில். பாலசுந்தரத்தார் ஒரு காலத்தில் போர்டிங் வீடுகளுக்கு இடியப்பம் போட்டவர். இன்றைக்குக் காலி வீதியில் பெரிய மண்டபம் ஒன்று, கடற்கரைப் பக்க ஒழுங்கையில் சின்ன மண்டபம் ஒன்று, கலியாணச் சாப்பாடு, சோடனை, வாகனம் எல்லாம் அவருடைய கம்பனி. பேர்ணடெற் அங்கே ரெலிபோன் எடுக்கப் போனவள். பிறகு சம்பளம், லீவு, ஆள் எடுப்பது, ஆளை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்து, கடைசியில் நிர்வாக முகாமையாளர் என்று கதவில் பலகை போட்டுக் கொடுத்தார்கள். பலகையோடு திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு கதிரையும் கிடைத்தது.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் அவளுடைய கதையைச் சொல்ல முடியாது. மேசைத் தலைப்பில் பாலசுந்தரத்தார். அவருக்கு வலப்பக்கம் மருமகன் உமாசுதன், மண்டபப் பதிவும் விளம்பரமும் அவன் பொறுப்பு. இடப்பக்கம் ஷிப்லி நானா, வாகனமும் கொள்வனவும். பிறகு கணக்காளர் பிரசாந், பிறகு பேர்ணடெற். கூட்டம் தொடங்க முதலே ரோல்ஸும் பற்றிஸும் வந்துவிடும். வாய் நிறைய ரோல்ஸ் இருக்கும்போது ஒருவனிடம் என்ன முடிவைக் கேட்பது? தேங்காய் விலையில் தொடங்கி, யாரோ ஒருவரின் விசா, கிரிக்கெட், சீனி வருத்தம் எல்லாம் சுற்றி, கதிரை உறை மண்ணிறமா பொன்னிறமா என்பதில் ஒரு முற்பகல் போய்விடும். எல்லோரும் "ஓம், ஓம்" என்பார்கள். எதற்கு ஓம் என்று எழும்பும்போது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பிரயோசனமில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு மருமகன் மாமனார் வீட்டுக்குப் போவான். திங்கட்கிழமை முடிவானது எதுவாக இருந்தாலும் அங்கே வாழையிலைக்கு முன்னால் மாறிவிடும்.

இப்படிப்பட்ட ஒரு கூட்டம்தான் பேர்ணடெற்றின் முகத்தில் கரி பூசியது.

றொஷெல்லின் கலியாண விருந்துக்குப் பெரிய மண்டபம் பதிவாகியிருந்தது. அதே நாளைக் கனடாவிலிருந்து வந்த ஒரு பெரிய இடத்துக்கும் உமாசுதன் கொடுத்துவிட்டான். பெரிய இடம் என்றால் அவனுக்கு நாக்கு நீளும், புத்தி நீளாது. விசயம் ஆகஸ்ட் மாதக் கூட்டமொன்றில் வெளிவந்தபோது பேர்ணடெற் லீவில், மன்னார்ப் பக்கம் மடுமாதா திருவிழாவில். கொட்டாஞ்சேனைக் கலியாணத்தைக் கடற்கரைச் சின்ன மண்டபத்துக்கு மாற்றலாம், முன்கூட்டியே சொன்னால் அவர்கள் சம்மதிப்பார்கள் என்று கதைத்தார்கள். உமாசுதன் ரோல்ஸ் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் பார்த்துக்கொள்ளுறன் மாமா. அவையோடயும் கதைக்கிறன், பேர்ணடெற் அக்காவுக்கும் சொல்லிப்போடுறன்" என்றான். மாமா தலையாட்டினார். மருமகன் மறந்தான். மறந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறோம், அவன் அதை மனதில் எடுக்கவேயில்லை.

கலியாண நாள் கோயில் பூசை முடிந்து, வெள்ளை உடுப்பும் முக்காட்டு வலையுமாகப் பொம்பிளை காரில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினால் மண்டப வாசலில் வாழைமரம். உள்ளே நாதஸ்வரம். பூப் பலகையில் யாரோ ஒரு பெண்ணின் பெயர். பக்கத்துக் காரில் ஞானத்தாய் பேர்ணடெற், பட்டுச் சாரியோடு. காலி வீதி வெயிலில் றொஷெல் நின்ற நிலையை பஸ்ஸில் போனவர்களெல்லாம் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தார்கள். சின்ன மண்டபத்தைத் திறந்து, கூட்டி, கதிரை போட்டு முடிப்பதற்குள் பாதி விருந்தாட்கள் பசியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேருக்குச் சாப்பாடு பார்சலில் வந்தது. கேக் வெட்டும்போது றொஷெல் அழுத அழுகை படத்திலும் இருக்கிறது.

திங்கட்கிழமை வந்தது. உமாசுதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் அக்காவுக்கு அப்பவே போன் பண்ணிச் சொன்னனான். மடுவுக்குப் போய்வந்த களைப்பில மறந்திட்டா போல" என்றான்.

பேர்ணடெற் ஷிப்லி நானாவைப் பார்த்தாள். அவர், "ஏதோ பேசினம்தான் தங்கச்சி. யார் செய்றதுண்டு எனக்குச் சரியா நினைவில்ல" என்றார். பிரசாந் போனைப் பார்த்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அந்தக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

பாலசுந்தரத்தார் அவளைத் தனியே கூப்பிட்டார். "பேர்ணடெற், அவை உம்மட ஆக்கள். நீர் போய்க் கம்பனி சார்பில மன்னிப்புக் கேட்டா அடங்கிப்போகும். ஆனா உமாவின்ர பேர் வெளியில போகக்கூடாது. மகளின்ர வாழ்க்கை, உமக்கு விளங்கும்தானே?" அவளுக்கு விளங்கியது. ரெலிபோன் மேசையிலிருந்து தன்னைத் தூக்கி விட்ட மனிசன் கேட்கிறார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மெற்றில்டா இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டே கேட்டாள்.

"ஆர் செய்த பிழை இது?"

"கம்பனியில நடந்த பிழை. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"நீ செய்யாத பிழைக்கு நீ ஏன் வந்து மன்னிப்புக் கேக்கிறாய்? கேக்கிறாயெண்டா செய்திருக்கிறாய்."

வாக்குக் கொடுத்த வாய் மூடிக்கொண்டது. அன்றோடு மெற்றில்டாவின் வீட்டுக் கதவும் மூடிக்கொண்டது. ஞாயிறு பூசைக்கு மெற்றில்டா கோயிலின் மற்றப் பக்க வாங்கில் போய் இருந்தாள். றொஷெல்லுக்குப் பிள்ளை பிறந்த செய்தியைப் பேர்ணடெற் மீன் விற்கும் பெண்ணிடம் கேட்டு அறிந்தாள். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அழைப்பில்லை. தன் பெயரை அந்த வீட்டில் திருப்பி எடுக்கவேண்டும், அதையும் பிழை செய்தவன் வாயாலேயே எடுக்கவேண்டும். அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் அப்போது வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சந்தர்ப்பத்தை உமாசுதனே தட்டில் வைத்துக் கொடுத்தான்.

ஒரு திங்கட்கிழமை, இரண்டு சமையற்காரர் விலகப் போவதாகக் கொடுத்த கடிதம் மேசையில் கிடக்க, இவர்கள் மத்தியானம் வரை கதிரை உறையையே கதைத்துக்கொண்டிருந்தார்கள். சமையற்காரர் போயே விட்டார்கள். பாலசுந்தரத்தார் மேசையில் அடித்தார். "இது கூட்டமோ சந்தையோ? ஆராவது இதை உருப்படியாக்குங்கோ!" மாமா பார்த்த பார்வை மருமகன் பக்கம் விழுந்தது. உடனே அவன், "நான் பார்த்துக்கொள்ளுறன் மாமா" என்றான். படி இறங்கும்போதே அதைப் பேர்ணடெற்றின் தலையில் கட்டினான். "அக்கா, உந்த மீற்றிங் விசயத்தை நீங்களே ஒருக்கா ஒழுங்குபடுத்துங்கோவன். எனக்கு டைம் இல்லை."

"அதுக்கென்ன தம்பி, சந்தோசமாச் செய்யிறன்" என்றாள் பேர்ணடெற். அவள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அவள் தனக்குள்ளே சிரித்ததைப் பார்த்த பக்கத்து மனுசி, இவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும் என்று நினைத்திருப்பாள்.

மற்றவர்கள் கூட்டத்தை நல்லபடி நடத்துவதற்குப் புத்தகம் படிப்பார்கள், ஆலோசகரைக் கூப்பிடுவார்கள். பேர்ணடெற் ஒருவனைக் கவிழ்ப்பதற்கு என்ன வேண்டும் என்று யோசித்தாள். யோசித்து முடித்தபோது கையில் இருந்தது ஒரு நல்ல கூட்டம். இரண்டும் ஒன்றாக இருந்தது அவளுக்கே புதினமாக இருந்தது.

அடுத்த திங்கள் ரோல்ஸ் வரவில்லை. "கூட்டம் முடியத்தான் ரோல்ஸ்" என்றாள். ஷிப்லி நானாவின் முகம் வாடியது. சுவரில் புதிதாக ஒரு வெள்ளைப் பலகை. ஒரு வேலைக்கு ஒரேயொரு ஆள், பலகையில் அவருடைய பெயர், எந்த நாளைக்குள் முடிப்பது என்பதை அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். புதுக் கதை எடுக்க முதல் போன கிழமை ஒப்புக்கொண்டதை வாசிப்பாள். "செய்தாச்சா, இல்லையா?" என்று கேட்பாள். அதற்கு ஒரு சொல்லில்தான் பதில், காரணம் பிறகு. கடைசியாக, இங்கே முடிவானதை இங்கேதான் மாற்றலாம், வேறெங்கும் மாற்ற முடியாது.

கடைசிக் கட்டளையைச் சொல்லும்போது அவள் உமாசுதனைப் பார்க்கவில்லை. பாலசுந்தரத்தாரை மட்டும் பார்த்தாள். "ஐயாவுக்கும் இதே சட்டம்தான். ஐயாவுக்கு விருப்பமில்லையெண்டா இப்பவே விட்டிடுவம்." அத்தனை பேர் முன்னால் ஒரு முதலாளி எப்படி விருப்பமில்லை என்பார்? "எனக்கென்ன, எனக்கும் அதே சட்டம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். வெள்ளிக்கிழமை வாழையிலைக்குப் பூட்டு விழுந்ததை மருமகன் அப்போது கவனிக்கவில்லை. அவன் ரோல்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

உமாசுதனின் நோய் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாமா தன் பக்கம் திரும்பினால் அவனால் வாயை அடக்க முடியாது. எந்தப் பாரத்தையும் ஏற்றுக்கொள்வான், தூக்கமாட்டான். ஆகவே அவள் ஒவ்வொரு திங்களும் இரண்டொரு பெரிய வேலைகளை மாமா முகத்தைப் பார்த்தபடி எடுத்துப் போட்டாள். "பெரிய மண்டபத்து வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்து வளவுக்காரரோட கதைக்க வேணும், ஐயா. லேசான ஆளால ஏலாது." ஐயா மருமகனைப் பார்ப்பார். "நான் பார்த்துக்கொள்ளுறன்" வரும். "எந்த நாளைக்குள்ள, தம்பி?" பலகையில் பெயர் ஏறும். ஷிப்லி நானா தூண்டிலைக் கண்டுகொண்டார், மீன் காணவில்லை.

"வளவுக்காரரோட கதைக்கிற வேலை. செய்தாச்சா, இல்லையா?"

"அது என்னெண்டா அக்கா, அந்த மனிசன் இப்ப நுகேகொடையில..."

"காரணம் பிறகு, தம்பி. செய்தாச்சா, இல்லையா?"

"இல்லை."

அவள் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டாள். அந்தச் சத்தமில்லாத வட்டத்தைப் போடும்போது அவளுக்கு இருந்த சுகத்தை இங்கே மறைக்கத் தேவையில்லை. கோடை வெயிலில் சர்பத் குடித்த மாதிரி இருந்தது. குரலை ஒருநாளும் உயர்த்தவில்லை. தம்பி, தம்பி என்றே கூப்பிட்டாள்.

கிழமைகள் போயின. கடல் உப்பில் செத்துப்போன குளிரூட்டி, பொலிஸாரிடம் எடுக்க வேண்டிய ஒலிபெருக்கி அனுமதி, படப்பிடிப்பாளரோடு செய்ய வேண்டிய ஒப்பந்தம் என்று உமாசுதனின் பெயருக்கு எதிரில் சிவப்பு வட்டங்கள் மாலை மாலையாக விழுந்தன. நடுவில் ஒருமுறை அவன் வெள்ளிக்கிழமை வழியால் தப்பப் பார்த்தான். திங்கள் வந்ததும் பாலசுந்தரத்தார் தொண்டையைச் செருமி, ஒலிபெருக்கி விசயத்தை ஷிப்லியிடம் கொடுக்கலாம் என்றார்.

"இது எங்க மாறினது, ஐயா?" பேர்ணடெற் பேனையோடு நின்றாள்.

அவர், "வீட்டில" என்றார்.

"அப்ப இங்க திரும்ப எடுப்பம். ஷிப்லி நானா, உங்களுக்குச் சம்மதமோ?"

"எனக்குச் சம்மதமில்ல" என்றார் ஷிப்லி நானா. அந்த மேசையில் அவர் அப்படி ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பயந்துபோனார். பாலசுந்தரத்தாரின் காது சிவந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் வெறும் சாப்பாடுதான் நடந்தது.

இன்னொரு முறை உமாசுதன் காய்ச்சல் என்று வட்ஸ்அப் அனுப்பிவிட்டு வரவில்லை. பேர்ணடெற் அந்தச் செய்தியை எல்லோருக்கும் வாசித்தாள். பிறகு அவனுடைய வேலைகளையும் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, பதில் சொல்ல ஆளில்லாத கதிரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்குப் பிறகு காய்ச்சலோடு வந்தாலும் வந்தானே தவிர, வராமல் இருக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. கம்பனி உருப்பட்டது. மேசையில் வைத்த ரீ ஆற முதல் கூட்டம் முடிந்தது. ஷிப்லி நானா ஒப்புக்கொண்டதையெல்லாம் செய்தார், பிரசாந் போனைக் கவிழ்த்து வைத்தான். பதிவில் பிழை வரவில்லை, சமையற்காரர் நின்றுபிடித்தார்கள். பாலசுந்தரத்தார் களனியிலிருந்து வந்த ஒரு வியாபாரச் சிநேகிதரைக் கூட்டிவந்து பலகையைக் காட்டினார். "எங்கட பேர்ணடெற்றின்ர வேலை" என்று பெருமையடித்தார். விசம் வைக்கப் போன இடத்தில் மருந்து வைத்துவிட்டவள் மாதிரி அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஷிப்லி நானா ஒருநாள் வாகனத் தரிப்பிடத்தில் அவளை நிறுத்தினார். "தங்கச்சி, நான் ஒண்டு கேக்கவா? நீங்க கூட்டமா நடத்துறீங்க, வேட்டையா ஆடுறீங்க?"

"ரெண்டும்தான் நானா."

"பொடியன் மெலிஞ்சு போயிட்டான். போதாதா?"

"என்ர பிள்ளை காலி வீதியில வெயிலுக்க நிண்டது உங்களுக்கு நினைவில்லைத்தானே. எனக்கு நினைவிருக்கு." அவர் தலையைக் குனிந்துகொண்டு வாகனங்களின் பக்கம் போனார். தன் பங்கு மௌனம் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

வருட முடிவுக் கூட்டத்தில் பாலசுந்தரத்தார் நல்ல குணத்தில் இருந்தார். "பேர்ணடெற், இந்த வருசம் நீர் செய்த வேலைக்கு என்ன வேணுமெண்டு கேளும்" என்றார். எல்லோரும் சம்பளம் என்றுதான் நினைத்தார்கள்.

"ஒண்டும் வேண்டாம், ஐயா. முடியாம ஒரு பழைய வேலை கிடக்கு. அதை மட்டும் முடிச்சுத் தாங்கோ."

எழும்பிப் போய்ப் பலகையின் மேலே எழுதினாள். கொட்டாஞ்சேனைக் கலியாண வீட்டுக்கு மண்டப மாற்றத்தை அறிவித்தல். பொறுப்பு உமாசுதன். திரும்பினாள்.

"செய்தாச்சா, இல்லையா?"

உமாசுதன் வாயைத் திறந்தான். பழைய உமாசுதனாக இருந்தால் போன் பண்ணிய கதை, களைப்புக் கதை, எல்லாம் வந்திருக்கும். ஆனால் மாதக் கணக்காக அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலிருந்து ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு அது. யோசிக்க முதலே சொல்லிவிட்டது.

"இல்லை."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். கீழே குனிந்துகொண்டு, "செய்யேல்லை அக்கா. உங்களுக்கும் சொல்லேல்லை" என்றான். குரல் சின்னப் பிள்ளையினது போல இருந்தது. பேர்ணடெற் அந்தக் குரலைக் கேட்டு இரங்கினாள் என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவள் இரங்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுதான் யோசித்தாள்.

அப்போது பாலசுந்தரத்தார் கையை அசைத்தார். "சரி சரி, விடும். அது எனக்கு அண்டைக்கே தெரியும். உமா வீட்டில வந்து சொன்னவர். பழசை இப்ப என்னத்துக்குக் கிளறுவான்?"

அண்டைக்கே. பேர்ணடெற் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால், உம்மட ஆக்கள், நீர் போம் என்று தன்னை அனுப்பியபோதே, உமாசுதன் தனக்குப் போன் எடுக்கவேயில்லை என்று இந்த மனிசனுக்குத் தெரியும். மெற்றில்டாவின் கம்பிக் கதவுக்கு வெளியே தான் செய்யாத பிழைக்குத் தலைகுனிந்து நிற்கப்போகிறாள் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். பிறகு வந்த ஒவ்வொரு திங்களும் தலைப்பில் இருந்து ரீ குடித்திருக்கிறார். இத்தனை நாளும் அவள் அடித்தது பாம்பின் வாலில். தலை இங்கே பெருமையோடு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பற்றி எரிந்தது என்றே சொல்லவேண்டும்.

துணியை எடுத்தாள். பலகையில் உமாசுதன் என்ற பெயரை அழித்தாள். அந்த இடத்தில் பாலசுந்தரம் என்று எழுதினாள். ஐயா என்று சேர்க்கவில்லை.

"மெற்றில்டா வீட்டுக்குப் போய், பிழை ஆருடையது, அதை மறைச்சது ஆர் எண்டு சொல்ற வேலை. எந்த நாளைக்குள்ள?"

"நானோ?" அவர் எழும்பப் பார்த்தார். "நான் போய் அந்தப் படியில நிக்கிறதோ? பேர்ணடெற், நீர் என்ன கதைக்கிறீர்?"

"மாத்துறதெண்டா இங்கதான் மாத்தலாம். ஆராவது சொல்லுங்கோ, மாத்துவம்."

ஷிப்லி நானா மேசையைப் பார்த்தார். பிரசாந் தன் கையைப் பார்த்தான். உமாசுதன் மாமாவைப் பார்க்கவேயில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவளைக் கொன்ற அதே மௌனம்தான். இன்றைக்கு அது அவளுக்கு வேலை செய்தது. பேனை மூடியைத் திறந்தபடியே அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை" என்றார் பாலசுந்தரத்தார் கடைசியில்.

அவள் அதை எழுதினாள். பிறகு ரோல்ஸ் கொண்டுவரச் சொன்னாள். ஒருவரும் தொடவில்லை. அவள் மட்டும் ஒன்றை எடுத்து நிதானமாகக் கடித்துச் சாப்பிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து யன்னலோரம் நின்றாள். கீழே ஒழுங்கைக்குள் கம்பனிக் கார் வர முடியாமல் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு மனிசன் இறங்கி வீட்டிலக்கம் விசாரித்தார். சனம் எட்டிப் பார்த்தது. மெற்றில்டா அவருக்கும் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. வெயிலில் நிற்க வைத்தே கேட்டாள். என்ன சொன்னார் என்று மேலே கேட்கவில்லை, ஆனால் நெடுநேரம் நின்றார். நெற்றியைத் துடைத்தார். ஒரு கட்டத்தில் இரண்டு கையையும் கூப்பினார். பேர்ணடெற் கண் வெட்டாமல் முழுவதையும் பார்த்தாள்.

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் படியில் காலடிகள். கதவைத் திறந்தால் மெற்றில்டா, முகமெல்லாம் கண்ணீர். பின்னால் றொஷெல், இடுப்பில் பிள்ளை.

"பேர்ணி, நான் உன்னைப் போய்... அந்த மனிசன் எல்லாம் சொன்னவர். நான் நம்பாமப் போயிட்டன். என்னை..."

பேர்ணடெற் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். பிள்ளைக்கு றொஷெல்லின் அதே மூக்கு.

"றொஷெல், நீ உள்ள வா மகள். பிள்ளைக்குக் காத்துப்படும்."

றொஷெல் தாயைப் பார்த்தாள், ஞானத்தாயைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தாள். பேர்ணடெற் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய் ரீக்குத் தண்ணீர் வைத்தாள். பிள்ளை அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. மெற்றில்டா வெளியே படியின் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தாள். விம்முகிற சத்தம் கேட்டது.

"அம்மா நிக்கிறா, ஆன்ரி" என்றாள் றொஷெல் மெதுவாக.

"தெரியும்" என்றாள் பேர்ணடெற். கதவை அவள் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.